டெஸ்டரின் ரப்பர் செருப்பு

மதிப்பிற்குரிய ஐயா,

யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே போவது என் வழக்கம். "பரவாயில்லை, போட்டுக்கிட்டே வாங்க" என்று வீட்டுக்காரர்கள் சொன்னாலும் கேட்க மாட்டேன். நாலு வீடு ஏறி இறங்குகிற வேலையில் இருப்பவனின் காலைத்தான் முதலில் பார்ப்பார்கள், முகத்தை அப்புறம்தான். இந்தப் பழக்கத்தினால் எனக்குத் திறக்காத கதவு இல்லை.

நேற்று தாங்கள் கேட்டபோது வாயால் சொல்ல வரவில்லை. என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதென்றால் எனக்குப் பேச்சு வராது, எழுத்து வரும். காகிதமும் பேனாவும் கொடுத்ததற்கு நன்றி. நடந்ததை நடந்த வரிசைப்படி எழுதுகிறேன். இடையில் எனக்குச் சாதகமாக ஏதாவது எழுதியிருப்பதாகத் தோன்றினால் அடித்துவிடுங்கள்.

எங்கள் தொழிற்பயிற்சி மையத்தில் நான் முதலில் வயரிங் ஆசிரியனாக இருந்தேன். பிறகு மதிப்பீட்டு வேலைக்கு மாற்றினார்கள். பயிற்சி பெற்றவர்கள் படித்த தொழிலிலேயே நிற்கிறார்களா என்று வீடு தேடிப் போய்ப் பார்த்து எழுத வேண்டும். நின்றால் வெற்றி. நிற்காவிட்டால், எவ்வளவு நன்றாகக் கற்றிருந்தாலும் அது தோல்வி. கேட்க எளிதாக இருக்கும். அந்த ஒரு கேள்விக்காக நான் தேய்த்த செருப்புகளை அடுக்கினால் ஒரு கடை வைக்கலாம்.

பெண்களுக்கு வீட்டு மின்வேலை கற்றுக் கொடுக்கலாம் என்பது என் யோசனை. என் வாழ்க்கையில் நானாக யோசித்துச் செய்த காரியம் அது ஒன்றுதான். மையத்தின் தலைவி, நாங்கள் மேடம் என்போம், தயங்கினார். "யாருங்க கூப்பிடுவாங்க இவங்கள?" என்றார். நான் விடவில்லை. தெருத்தெருவாகப் போய் ஆள் சேர்த்தேன். பேக்கிங் கொட்டகையில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவர்களையும், நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர்களையும், "கையில் தொழில் இருந்தால் யாரிடமும் கை கட்ட வேண்டாம்" என்று சொல்லி இழுத்து வந்தேன். அவர்கள் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். அதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். என் வார்த்தையை நம்பி விட்டுவிட்டு வந்தார்கள்.

கற்றுக்கொண்டதில் ஒரு குறையும் இல்லை. முதல் நாள் முதல் பாடம்: ரப்பர் செருப்பு இல்லாமல் மின்கம்பிக்குப் பக்கத்தில் போகக் கூடாது. இரண்டாவது: மெயினை அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மூன்றாவது: மெயினை அணைத்துவிட்டோம் என்று நம்பிவிடாமல் டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த டெஸ்டரையும் முதலில் மின்சாரம் ஓடுகிற இடத்தில் வைத்து, விளக்கு எரிகிறதா என்று பார்த்த பிறகே நம்ப வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆனால் மேடம் சொன்னதுதான் நடந்தது. யாரும் கூப்பிடவில்லை. ஒருத்தி பேக்கிங்குக்கே திரும்பிப் போனாள். ஒருத்தி துணிக்கடையில் பில் போட உட்கார்ந்தாள். இன்னொருத்தி என்னைத் தெருவில் பார்த்து எதிர்ச்சாரிக்கு மாறிப் போனாள். அது எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவிடாமல் செய்தது.

கடைசியில் நின்றது ஒருத்திதான். அவளை எல்லோரும் டெஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மின்சாரம் இருந்தால் எரிகிற குட்டி விளக்கு வைத்த அந்தச் சின்னத் திருப்புளியை, வகுப்பு முடிந்தாலும் பெட்டியில் போட மாட்டாள். கொண்டையில் செருகிக்கொண்டு போவாள். பஸ்ஸில் ஒருவன் வேண்டுமென்றே இடித்தபோது அதை உருவிக் காட்டி, "தொட்டா லைட் எரியும். யாருக்குன்னுதான் சொல்ல முடியாது" என்றாளாம். அந்த ஆள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டான்.

அவளுடைய கணவன் வேலைக்குப் போன ஊரிலேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். மாமியார் மகனைத் தலை முழுகிவிட்டு மருமகளோடு இருந்தாள். ஆனால் வாய் மட்டும் குறையாது. நான் முதன்முதலில் அந்த வீட்டுக்குப் போனபோது, "பல்பு மாட்டப் போறாளாம். ஷாக் அடிச்சு விழுந்தா தூக்கிட்டு ஓட எனக்குத் தெம்பு இல்லப்பா" என்றாள். டெஸ்டர் உள்ளேயிருந்து, "நீங்க தூக்க வேணாம் அத்தை. ஷாக் அடிச்சா நானே எகிறி ஆஸ்பத்திரி வாசல்ல விழுந்துடுவேன்" என்றாள். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த டெஸ்டரும் ஒரு நாள் மையத்துக்கு வந்து, "சார், நான் பேக்கிங்குக்கே போயிடறேன். அத்தைக்கு மாத்திரை வாங்கணும். டெஸ்டரக் கடிச்சுத் தின்ன முடியாது" என்றாள். கொஞ்சம் பொறு என்று கெஞ்சினேன். எங்கள் மையத்துக்கு உதவி செய்கிற அமைப்பிலிருந்து மதிப்பீட்டுக் குழு வரவிருந்தது. "ஒரே ஒருத்தியாவது தொழில்ல நிக்கணும். இல்லேன்னா கோர்ஸை இழுத்து மூடிடுவாங்க, உங்களையும் சேர்த்துத்தான்" என்று மேடம் சொல்லியிருந்தார்.

வழி என் அண்ணி மூலமாகத்தான் தெரிந்தது. நான் கணக்கெடுப்புக்கு வெளியே போயிருந்த ஒரு நாள், வீட்டில் மின்விசிறி நின்றுவிட்டது. புழுக்கம் தாங்காமல் அண்ணி வழக்கமான ஆளைக் கூப்பிட, அவன் வரவில்லை. வேறு வழியில்லாமல் டெஸ்டரைக் கூப்பிட்டிருக்கிறார். "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை" என்று அதுவரை முகம் சுளித்த அதே அண்ணி, நான் திரும்பி வந்தபோது, "தங்கமான பொண்ணு. கை வச்ச இடத்தைத் துடைச்சு வச்சுட்டுப் போறா. ஊருக்கெல்லாம் வேலை தேடுறீங்களே, இவளப் பத்தி நாலு பேருகிட்ட சொல்லக் கூடாதா?" என்று என்னையே கேட்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெண் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பழுதுதான் போதாமல் இருந்தது.

நான் செய்தது பெரிய காரியம் எதுவும் இல்லை. டெஸ்டர் குடியிருக்கிற பகுதியில் வீடுவீடாகப் போனேன். உங்கள் வீட்டில் மின்பழுது வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டு எழுதினேன். அப்படியே சுவிட்ச் போர்டு பத்திரமாக இருக்கிறதா பார்க்கிறேன் என்று சொல்லி ஒரு திருகைத் தளர்த்துவேன். முதல் வீட்டில் அந்த அம்மா எனக்குத் தண்ணீர் எடுத்துவர உள்ளே போனார். வருவதற்குள் வேலை முடிந்தது. தண்ணீரைக் குடித்தேன், நன்றி சொன்னேன், டெஸ்டரின் போன் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஓரிரு நாளில் விளக்கு விட்டுவிட்டு எரியும். அவளைக் கூப்பிடுவார்கள். அவள் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துச் சரிசெய்வாள். வீட்டுக்காரர்களுக்குத் திருப்தி, அவளுக்கு வேலை, எனக்கு மதிப்பீடு. யாருக்கும் நஷ்டமில்லை என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அந்த அளவில் நிறுத்தியிருந்தால் தப்பில்லை என்றே நினைக்கிறேன்.

அவள் நன்றாக வந்தாள். மையத்தின் வாசலில் அவள் படத்தைப் பெரிதாக மாட்டினோம். மாமியாரின் பேச்சே மாறிவிட்டது. யாராவது தேடி வந்தால், "எங்க வீட்டு இன்ஜினியர் வெளிய போயிருக்கா. வந்ததும் அனுப்பறேன். அவசரம்னா மெழுகுவத்தி ஏத்திக்குங்க" என்பாளாம். பாத்திரம் தேய்க்கப் போய்விட்ட இருவர் மறுபடி வந்து தங்களுக்கும் வேலை கிடைக்குமா என்று கேட்டார்கள். எதிர்ச்சாரிக்கு மாறிப் போனவள் நின்று பேசினாள். ஐயா, ஒரு மனிதனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்த நாட்களில் வந்த புகார் ஒன்றே ஒன்று. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், தெருவில் எல்லோருக்கும் டீச்சரம்மா, தரையில் ஒரு தூசி பொறுக்க மாட்டார், எந்நேரமும் ஈரத்துணியும் கையுமாக இருப்பார். "வேலை சுத்தம்தான். ஆனா செருப்போட ஹால்ல நடக்குது அந்தப் பொண்ணு. இதுதான் நீங்க சொல்லிக் குடுத்த லட்சணமா?" என்று என்னிடம் கேட்டார். எங்கள் மதிப்பீட்டில் நடத்தைக்கும் மதிப்பெண் உண்டு. நான் எழுதிக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை. அப்போது சொல்லவில்லை.

நிற்க. இஸ்திரிக் கடைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் கடையிலும் அப்படித்தான் ஒரு திருகு. எனக்குக் கணக்குத் தவறிவிட்டது. இஸ்திரிப் பெட்டியைப் பிடித்திருந்த கையில் ஷாக் அடித்து, உதறியதில் பெட்டி மற்ற கையின் மேல் விழுந்து தோல் உரிந்துவிட்டது. பழுது பார்க்கப் போன டெஸ்டர் நேராக மையத்துக்கு வந்தாள். நான் தனியாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

"சார், ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"நம்ம தெருவுல ஒரு எலி இருக்கு சார். ஸ்க்ரூ டிரைவர் புடிக்கத் தெரிஞ்ச எலி."

நான் சிரித்தேன்.

"பாத்தீங்களா, சிரிக்கறீங்க. எங்க போனாலும் ஒரே வியாதி சார். திருகு தளர்ந்திருக்கு. ஒரு வீட்டுல தளரும், ரெண்டு வீட்டுல தளரும், தெரு முழுக்கவா தளரும்? இன்னைக்கு இஸ்திரிக் கடையில உத்துப் பாத்தேன். திருகுத் தலையில புதுக் கீறல். நுனி ஒடஞ்ச ஸ்க்ரூ டிரைவரு. நேரா விழாம ஓரத்துல பிராண்டியிருக்கு."

"யாரா இருக்கும்னு நினைக்கிற?"

"அது தெரியல. யார் மேல விழும்னு தெரியும். இதனால யாருக்கு லாபம்? எனக்குத்தானே? அவளே கழட்டி அவளே மாட்டறான்னு நாளைக்குத் தெருவே சொல்லும். முன்னெல்லாம் போன் அடிச்சா சந்தோஷமா இருக்கும் சார். இப்ப எடுக்கவே பயமா இருக்கு. குழு வருதில்ல, அவங்ககிட்ட நானே முந்திக்கிட்டுச் சொல்லிடறேன். யாரோ வேணும்னு பண்றாங்க, போலீசுக்கு எழுதுங்கன்னு. நீங்க பக்கத்துல நில்லுங்க, போதும். உங்க பேச்சுன்னா நம்புவாங்க."

"அப்படிச் சொன்னா உனக்கு வந்த வேலை எதுவும் கணக்குல வராது. கோர்ஸையே மூடிடுவாங்க."

"மூடினா மூடட்டும் சார். அவரு கையப் போய்ப் பாருங்க. பாத்துட்டு வந்து சொல்லுங்க."

நான் தண்ணீர் கொடுத்தேன். அந்த நுனி உடைந்த திருப்புளி அப்போது என் சட்டைப்பையில், பேனாவுக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் என் பையைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் திருப்புளியை நேற்றே தங்கள் மேசையில் வைத்துவிட்டேன்.

இனி நான் எழுதப்போவதை ஒரே மூச்சில் படிக்காமல் தனித்தனியாகப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஏனென்றால் ஒவ்வொன்றையும் நான் தனித்தனியாகத்தான் செய்தேன்.

முதலாவது, செருப்பு. மறுநாள் டெஸ்டரைக் கூப்பிட்டு டீச்சரம்மாவின் புகாரைச் சொன்னேன். "குழு வரும் நேரத்தில் மதிப்பெண் குறையக் கூடாது. வீடுகளில் செருப்பை வெளியே விட்டுவிடு. மரியாதை முக்கியம்" என்றேன். "நீங்கதானே சார் கழட்டவே கூடாதுன்னீங்க?" என்றாள். "மெயினை அணைத்துவிட்டால் பிறகு என்ன பயம்?" என்றேன். சரி என்றாள். நான் சொன்னால் அவள் தட்டியதில்லை.

இரண்டாவது, டெஸ்டர். குழு வரும்போது காட்சிக்கு வைக்க அவளுடைய பழைய டெஸ்டர் வேண்டும் என்று மேடம் உண்மையாகவே கேட்டிருந்தார். நான் அதை வாங்கிக்கொண்டு புதிது ஒன்று கொடுத்தேன். "பரிசா சார்?" என்று கேட்டு, உடனே கொண்டையில் செருகிக்கொண்டாள். எந்தக் கருவியையும் சோதித்துப் பார்க்காமல் நான் யாருக்கும் கொடுத்ததில்லை. அதையும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். அதில் விளக்கு எரியவில்லை.

மூன்றாவது, டீச்சரம்மா வீடு. குறை தீர்ந்ததா என்று விசாரிக்கப் போனேன். வாசலில் செருப்பை விட்டேன். தரை அப்போதும் ஈரமாகத்தான் இருந்தது. "இவ்வளவு தூரம் வந்தீங்களே, அந்தப் போர்டையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க" என்று அவரே சொன்னார். எல்லா இடத்திலும் ஒரே மாதிரித் திருகு என்று டெஸ்டர் கண்டுபிடித்துவிட்டதால், இந்த முறை வேறு மாதிரி செய்தேன். மெயினை அணைத்த பிறகும் ஒரு கம்பியில் மின்சாரம் நிற்காமல் ஓடும். அது எப்படி என்பதை இதில் எழுதவில்லை. இது எத்தனை கை மாறுமோ தெரியாது. தங்கள் மின்பொறியாளர் கேட்டால் நேரில் காட்டுகிறேன்.

குழு வருவதற்கு முந்தின நாள் டீச்சரம்மா அவளைக் கூப்பிட்டார். நான் அப்போது மையத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே நடந்ததை டீச்சரம்மா சொல்லித்தான் கேட்டேன்.

"வாசல்லயே செருப்ப விட்டுட்டு வந்தா. 'இன்னைக்கு என் தரை பொழச்சுது'ன்னு சொன்னேன். சிரிச்சா. மெயினை அணைச்சா. கொண்டையிலிருந்து எடுத்து வச்சுப் பாத்தா. பளபளன்னு இருந்துது, 'புதுசா?'ன்னு கேட்டேன். 'சார் குடுத்தது. பாக்காமயா குடுத்திருப்பாரு'ன்னா. அதுக்கப்புறம்..." தரையைத் துடைத்து வைத்த பாவி நான்தானே என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று தேற்றிவிட்டு வந்தேன்.

குழு வந்தது. தங்கள் காவல் நிலையத்திலும் விபத்து என்றுதான் எழுதினார்கள். தெருவில் வேறு விதமாகப் பேச்சு கிளம்பியது. அவளே கழற்றி அவளே மாட்டிக்கொண்டிருந்தாள், ஒரு நாள் மாட்டிக்கொண்டாள் என்று. அவள் பயந்தபடியேதான். நான் மறுக்கவில்லை. இஸ்திரிக்காரர் ஒருவர்தான், "செத்தவள விடுங்கப்பா" என்று கட்டுப்போட்ட கையோடு சண்டைக்குப் போனாராம்.

பத்து நாள் கழித்து மாமியார் மையத்துக்கு வந்தாள். கையில் ஒரு பை. அதிலிருந்து அந்த ரப்பர் செருப்பை எடுத்து என் மேசை மேல், காகிதங்களுக்கு நடுவில் வைத்தாள்.

"இதப் போட்டிருந்தா இருந்திருப்பாளா சார்?"

நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். "இருந்திருப்பா" என்றேன்.

"வீட்டுல நான் கத்துவேன், உள்ள போட்டுக்கிட்டு அலையாதடின்னு. சார் சொல்லியிருக்காரு அத்தை, இது செருப்பு இல்ல, உசுருன்னு சொல்லுவா. அப்பேர்ப்பட்டவ அன்னைக்கு மட்டும் ஏன் கழட்டினா?"

"நான்தான் கழட்டச் சொன்னேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். "என்னை விடுங்க. அவ ஏமாத்துக்காரி இல்லன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார். உங்க எழுத்துக்கு மரியாதை இருக்கு. இல்லேன்னா அந்தத் தெருவுல நான் எப்படி நடப்பேன்?" என்றாள். பிறகு செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு, மையத்திலிருந்து நேராகத் தங்களிடம் வந்து, சார்தான் கழற்றச் சொன்னார் என்று சொல்லியிருக்கிறாள். அதனால்தான் தாங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை.

அவள் கேட்ட வரியை இதோ எழுதுகிறேன். டெஸ்டர் எந்த வீட்டிலும் எதையும் கழற்றவில்லை. கழற்றியவன் நான். இஸ்திரிக்காரரின் கையைச் சுட்டவனும் நானே. டெஸ்டர் இறந்த விஷயத்தில் 'பழுது ஏற்பட்டது' என்று முதலில் எழுதியிருந்தேன், அடித்திருப்பது தெரியும். அதைப் பார்த்துவிட்டு, கொலை என்று எழுத வேண்டும் என்றீர்கள். கொலை என்றே எழுதுகிறேன். நான் கொன்றேன். அவள் குழுவிடம் பேசியிருந்தால், எதிர்ச்சாரிக்கு மாறிப் போனவளும், மறுபடி வந்து கேட்ட அந்த இருவரும் என்ன ஆவார்கள் என்று யோசித்தேன். என்னைப் பற்றி நான் யோசித்ததாக நினைவில்லை.

இவ்வளவையும் ஏன் மறைக்காமல் எழுதினேன் என்றால், காரணம் ஒன்றுதான். குழுவின் அறிக்கையின் நகல் வந்திருக்கிறது. 'பயிற்சியின் குறைபாடே விபத்துக்குக் காரணம், இப்பாடத்தைத் தொடரத் தேவையில்லை' என்று எழுதியிருக்கிறார்கள். ஐயா, அது நியாயமில்லை. அவள் மெயினை அணைத்தாள். டெஸ்டர் வைத்துப் பார்த்தாள். அந்த டெஸ்டரை முதலில் சோதிக்காமல் விட்டது ஒன்றுதான் அவள் பக்கத்துத் தவறு. அதுகூட நான் கொடுத்தது என்பதால் வந்த நம்பிக்கை. நம்பிக்கையைப் பற்றி நாங்கள் பாடம் எதுவும் வைக்கவில்லை. அடுத்த வகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். அந்த வரியை மட்டும் திருத்தும்படி அவர்களுக்கு எழுதுங்கள். செருப்பைக் கழற்ற வேண்டியிருந்தது, டெஸ்டரை மாற்ற வேண்டியிருந்தது, மெயினையே பொய்யாக்க வேண்டியிருந்தது. இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அவள் பிழைத்து வீடு போயிருப்பாள். நான் இத்தனை வருடம் எத்தனையோ பயிற்சிகளை மதிப்பிட்டிருக்கிறேன் ஐயா. இதைவிட நல்ல மதிப்பீடு எந்தப் பயிற்சிக்கும் கிடைத்ததில்லை.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
மதிப்பீட்டு அலுவலர்